ஜிலேபியின் காதுக்கல்லில் ஏழு கோடு

சென்ற ஞாயிறு இரவு பத்தரை மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மைக்ரோஸ்கோப்பில் ஏழாவது கோட்டை எண்ணி முடித்தேன். ஜிலேபி மீனின் காதுக்குள் இருக்கும் கல் அது. அதில் விழும் கோடுகளை எண்ணி மீனின் வயதைக் கணக்கிடலாம். மீனின் நீளம் 15 செ.மீ., எடை 72 கிராம். உள்ளங்கையில் அடங்கிவிடும். இதே மைக்ரோஸ்கோப்பில் முன்பு பார்த்த 4.2 கிலோ கட்லாவின் செதிலில் இருந்தது இரண்டே அடையாளம்தான். குட்டி மீன்தான் மூத்தது என்று நம்புவதற்கு எனக்கே இரண்டு நாள் ஆனது.

இந்த ஏழுக்கு வந்து சேர ஆறு மாதமும் இருபத்து மூன்று மீனும் ஆனது. நடுவில் ஒரு கல் காற்றில் பறந்து தொலைந்தது, ஒன்று வினிகரில் கரைந்தது, ஒன்று பொரிந்து தூளானது. வழியில் தேடாத சில சங்கதிகளும் கிடைத்தன. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எனக்குக் கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிருஷ்ணகிரி அணைக்கு, எங்கள் வழக்கில் கே.ஆர்.பி. டேமுக்கு, போய் மீன் வாங்குவது பழக்கம். டேம் பக்கத்துக் கடைகளில் மசாலா தடவி அடுக்கி வைத்திருப்பார்கள். நான் வறுவலுக்கு நிற்காமல் உயிர் மீனாக வாங்கி வந்துவிடுவேன். வழக்கமாக வாங்கும் அக்காவிடம் ஒரு நாள் பெரிய கட்லா ஒன்று கிடந்தது. "இது என்ன வயசுக்கா இருக்கும்?" என்றேன். "பத்து வருசத்து மீனு தம்பி, தலையப் பாரு" என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றதற்கு, "மீனுக்கு யாரு ஜாதகம் எழுதி வெச்சா? சைஸப் பாத்துத்தான் சொல்றது" என்றார்.

அந்த வாரம்தான் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பக்கத்து ஏரி மீன் ஒன்றைப் பற்றிப் படித்திருந்தேன். பிக்மவுத் பஃபலோ என்று பெயர். நம் கட்லா, ரோகுவுக்குத் தூரத்து உறவு. மிஞ்சிப்போனால் இருபத்தாறு வருடம் வாழும் என்று நினைத்திருந்தார்கள். 2019-ல் வெளிவந்த ஆய்வில், காதுக்குள் இருக்கும் கல்லை மெல்லிய சீவலாக அறுத்து வளையங்களை எண்ணியபோது, ஒரு மீனுக்கு 112 வயது வந்தது. மரத்தை அறுத்து வளையம் எண்ணுகிற மாதிரி.

அறுக்க, தேய்க்க, பெரிதாக்கிப் பார்க்க எல்லாச் சாமானும் என் மேசையிலேயே இருந்தன. போர்டு வேலைக்கு வாங்கிய 7 முதல் 45 மடங்கு வரை பெரிதாக்கும் மைக்ரோஸ்கோப், வளைந்த முனை ட்வீஸர், டச் ஒட்டும் யுவி கம், ஹாட் ஏர் கன். இல்லாதது மீன் மட்டும்தான்.

முதலில் செதிலில் ஆரம்பித்தேன். கல் எடுக்க மண்டையைப் பிளக்க வேண்டும், செதில் என்றால் எப்படியும் குப்பைக்குத்தான் போகும். கட்லாவின் செதில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருக்கும். முதுகுத் துடுப்புக்குக் கீழே, நடுக்கோட்டுக்கு மேலே இருந்து பத்து செதில் எடுத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் வழவழப்பைத் தேய்த்தேன். விற்காமல் கிடந்த பழைய மாடல் டெம்பர்டு கிளாஸ் இரண்டுக்கு நடுவில் வைத்துக் கிளிப் போட்டேன். ஈரமாக விட்டால் காயும்போது அப்பளம் போலச் சுருண்டுவிடுகிறது. அடியிலிருந்து செல்போன் டார்ச் வெளிச்சம், அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு டிஷ்யூ பேப்பர். இல்லாவிட்டால் கண் கூசும்.

பார்த்ததும் அசந்துவிட்டேன். ரேகை வைத்த கட்டைவிரல் மாதிரி நூற்றுக்கணக்கில் வளையம். உற்சாகத்தில் ஒரு ஆரத்தில் வரிசையாக எண்ணினேன். 140 தாண்டியது. அமெரிக்க மீனை முந்திவிட்டோம் என்று வீட்டில் போய்ச் சொல்லியும் விட்டேன்.

விஷயம் என்னவென்றால், அந்த மெல்லிய கோடுகள் வருடக் கணக்கு இல்லை. செதில் வளர வளர விழுந்துகொண்டே இருப்பவை. பார்க்க வேண்டியது அவை நெருக்கமாக விழுந்த இடத்தை. மீன் நன்றாக வளரும் காலத்தில் கோடுகள் தள்ளித் தள்ளி விழும், வளர்ச்சி மந்தமானால் ஒன்றோடொன்று ஒட்டி விழும். அந்த நெருக்கப் பட்டைதான் ஒரு அடையாளம். கெண்டை மீன் செதிலில் இப்படி வயது பார்க்கலாம் என்று ஹோஃப்பாவர் என்ற ஜெர்மானியர் 1898-லேயே எழுதிவிட்டார். பட்டை எது, சும்மா நெருக்கம் எது என்று கண் பழக எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அதிகபட்சப் பெரிதாக்கலில் பட்டை தெரியவே தெரியாது. குறைந்த 7 மடங்கில் வைத்தால்தான் பட்டையாகத் தெரிகிறது. போர்டு வேலையில் எப்போதும் ஜூம் ஏற்றியே பழகிய கைக்கு இது புதுப் பாடம்.

இன்னொன்று. பத்துச் செதிலில் மூன்றில் நடுப்பகுதி வெறுமையாக, சொரசொரவென்று இருந்தது. வெளி ஓரத்தில் மட்டும் நாலு கோடு. நான் சுத்தம் செய்ததில் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்துப் புதிதாக எடுத்தேன். அதிலும் அப்படியே இரண்டு. செதில் உதிர்ந்தால் அதே இடத்தில் மீன் அவசர அவசரமாகப் புதுச் செதில் போட்டுக்கொள்ளுமாம். வலையில் உரசியோ வேறு மீன் கடித்தோ உதிர்ந்திருக்கும். புதுச் செதிலுக்குப் பழைய வருடங்களின் நினைவு கிடையாது. டிஸ்ப்ளே மாற்றிய போனின் சீரியல் நம்பர் மாதிரி. அதனால் ஒரு மீனுக்குப் பத்துச் செதிலாவது பார்க்காமல் வயது சொல்லக் கூடாது.

சரி, பட்டை ஒன்று என்றால் வருடம் ஒன்று என்று எப்படி நிச்சயம் செய்வது? அந்த அமெரிக்க ஆய்வில், 1950, 60களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றிலும் தண்ணீரிலும் கலந்த கார்பனைக் கல்லுக்குள் அளந்து சரிபார்த்திருக்கிறார்கள். என்னிடம் அணுகுண்டு இல்லை, மச்சானின் நோட்டு இருந்தது. பாலக்கோடு பக்கம் அவனுக்கு ஒரு பண்ணைக் குட்டை, தார்ப்பாய் விரித்தது. குஞ்சு விட்ட தேதி, தீவனச் செலவு, யார் யாருக்குக் கடன் என்று எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி வைப்பான். 2023 அக்டோபரில் விட்ட கட்லாவில் ஒன்றை 2025 பிப்ரவரியில் பிடித்துக் கொடுத்தான். 1.3 கிலோ. "மாமா, இது செதிலுக்கா, குழம்புக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடை போட்டான். பதினாறு மாத மீன், தெளிவாக ஒரே ஒரு பட்டை. ஒரு மீனை வைத்துச் சட்டம் எழுத முடியாது என்று தெரியும். ஆனாலும் நூற்று நாற்பது இல்லை, ஒன்று என்று வந்ததில் ஒரு நிம்மதி.

அக்காவின் பத்து வருடத்து மீனுக்கு வருகிறேன். அதே அளவில் 4.2 கிலோ கட்லா ஒன்றை முழுதாக வாங்கினேன். கிலோ 190 ரூபாய். பன்னிரண்டு செதில் பார்த்தேன், நல்லவை எட்டு. எட்டிலும் இரண்டு பட்டைதான். மூன்று வருடம்கூட முடியாத மீன். கட்லா தீனி கிடைத்தால் பூசணிக்காய் மாதிரி ஊதும் என்று மச்சான் முன்பே சொன்னான், நான்தான் காதில் வாங்கவில்லை.

செதிலை மட்டும் நம்ப மனமில்லை. உதிர்ந்து முளைக்கிற சாமானை எப்படி நம்புவது? காதுக்கல் உதிராது. எடுத்தே தீர்வது என்று முடிவு செய்தேன்.

இங்கேதான் பெரிய தப்பு. நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் கடல் மீன். கண்ணுக்கு மேலே கத்தியை வைத்து மண்டையைச் சீவினால், மூளைக்குப் பின்னால் இரண்டு வெள்ளைக் கல் பளிச்சென்று இருக்கும். கத்தாழை மீன் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், தலையை உறிஞ்சும்போது பல்லில் கடிபடுமே, அதேதான். அதை நினைத்துக்கொண்டு கட்லாவின் தலையைச் சீவினேன். மூளை தெரிந்தது. கொழகொழவென்று கொழுப்பு தெரிந்தது. கல் இல்லை. அக்காவிடம் இலவசமாகக் கேட்டு வாங்கிய இன்னும் இரண்டு தலை. அதிலும் இல்லை. மூன்றாவதை ஆத்திரத்தில் துண்டு துண்டாக்கினேன். கடை முழுக்க நாற்றம். சார்ஜ் ஏறவில்லை என்று வந்த ஒரு பெண், மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே மீன் தலையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, அப்புறம் வரேன்" என்று போனவர் போனவர்தான்.

அந்த மூன்றாவது தலையில்தான் தேடாதது கிடைத்தது. செவுளை வாரி எடுத்தபோது தொண்டைக்குள் இரண்டு பக்கமும் அரிவாள் மாதிரி வளைந்த எலும்பு, அதன் உள்பக்கம் பற்கள். மூன்று வரிசை. கட்லாவின் வாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள், ஈறு மாதிரி வழவழவென்று இருக்கும், ஒரு பல் கிடையாது. கெண்டை இனத்துக்கே பல் தொண்டையில்தானாம். அந்தப் பற்களுக்கு நேர் மேலே, மண்டையின் அடியில், கொம்பு மாதிரி கெட்டியான ஒரு திண்டு. பல்லும் பல்லும் மோதி அரைப்பதில்லை, பல்லும் திண்டும். அம்மியும் குழவியும் போல. எத்தனை வருடம் கட்லாத் தலைக் குழம்பு சாப்பிட்டிருப்பேன். அந்த எலும்பைச் செவுளோடு சேர்த்துத் தூக்கிப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம்.

அதைத் தாண்டி முதுகெலும்பு தொடங்கும் இடத்தில், காற்றுப்பையின் முன்முனையை ஒட்டி, இரண்டு பக்கமும் கொக்கி போல வளைந்த சின்ன எலும்பு ஒன்று. அதற்கு முன்னால் இன்னும் சின்னதாகச் சில துணுக்குகள். கிடைத்துவிட்டது கல் என்று குதித்தேன். ஒட்டியிருந்த சதையைப் போக்க, கொக்கியை வினிகரில் போட்டு வைத்தேன். இரண்டு நாள் கழித்து எடுத்தால் ரப்பர் மாதிரி வளைந்தது. காதுக்கல் சுண்ணாம்பு, வினிகர் பட்டதும் நுரைத்திருக்க வேண்டும். இது நுரைக்கவே இல்லை. அப்போ இது எலும்பு.

இதன் பெயர் வெபர் எலும்புகள். எர்ன்ஸ்ட் வெபர் என்பவர் 1820-ல் விவரித்தவை. பக்கத்துக்கு நான்கு என்று சங்கிலியாக இருக்கும். வேலை என்ன என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் நான் தினமும் மாற்றுகிற பாகம் அது. தண்ணீரில் வரும் ஒலி காற்றுப்பையை அதிர வைக்கும். அந்த அதிர்வை இந்த எலும்புச் சங்கிலி அப்படியே உள்காதுக்குக் கொண்டு போகும். காற்றுப்பைதான் மைக், எலும்புச் சங்கிலிதான் ஃப்ளெக்ஸ் கேபிள், காதுதான் போர்டு. கட்லா, ரோகு, கெளுத்தி, ஆற்று வாளை இவற்றுக்கெல்லாம் உண்டு, ஜிலேபிக்கும் விராலுக்கும் கிடையாது.

வாளைக்கும் உண்டா என்று சரிபார்க்கப் போனதில் இன்னொரு அனுபவம். ஒகேனக்கல்லில் இருந்து வந்த வாளை என்று சொல்லி விற்ற ஒன்றை முக்கால் கிலோவுக்கு வாங்கிக் காற்றுப்பையைப் பிரித்தேன். உள்ளே நான்கு புழுக்கள். நூல் மாதிரி இல்லை, கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய, தட்டையான, சதைப்பற்றான புழு, கறுப்பு கலந்த இளஞ்சிவப்பு. ட்வீஸர் பட்டதும் மெதுவாகச் சுருங்கியது. ஒன்று குத்துப்பட்டதும் பேனா உடைந்தது போலக் கரும்பழுப்பு மை வழிந்து, டிஷ்யூவில் பரவியது. ஐசோபரார்க்கிஸ் என்று பெயர், இந்தியா முழுக்க வாளையின் காற்றுப்பையில் வழக்கமாகக் குடியிருப்பதுதான். காற்றுப்பையைக் குடலோடு எறிந்துவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. அன்றைக்கு வாளையைச் சமைக்க வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. நன்றாக வேகவைத்தால் ஒன்றும் ஆகாது என்ற என் வாதம் எடுபடவில்லை. எலும்புச் சங்கிலி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்லாவின் காதுக்கல் கடைசியில் கிடைத்தது. நான் மண்டையின் மேலே தேடிக்கொண்டிருந்தேன், அது மண்டையின் பின்கோடியில், மூளைக்கும் கீழே, எலும்புக் குழிக்குள் இருந்தது. கடல் மீன்களில் பெரிதாக இருக்கும் கல் இந்த இனத்தில் ஊசி மாதிரி மெலிந்துவிடுகிறது, எடுக்கும்போதே உடைகிறது. பின்னால் இருக்கும் இன்னொரு கல்தான் கண்ணுக்குத் தெரிகிற அளவு. குருணை அரிசி அளவில், ஓரமெல்லாம் பல்பல்லாக, கண்ணாடிப் பூ போல இருந்தது. அழகுதான், ஆனால் கோடு எண்ண லாயக்கில்லை. என் கைக்கும் என் சாமானுக்கும் கட்லாக் கல் தோல்வி. விட்டுவிட்டேன்.

அடுத்தது ஜிலேபி. இதை முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு ஏரி வற்றியபோது வலை போட்டு அள்ளினார்கள். ஒரு கிலோ 100 ரூபாய், பதின்மூன்று மீன். எல்லாம் 13 முதல் 16 செ.மீ.க்குள். கட்டர் பிளேடால் கண்ணுக்குப் பின்னால் குறுக்கே கீறி, தலையைப் பின்பக்கம் மடக்கினால் பட்டென்று திறந்துகொள்கிறது. மூளைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு கல், வெள்ளரி விதையில் பாதி அளவு. ட்வீஸரை வைத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. முதல் கல்லைக் கையில் பிடித்தபோது பத்து நிமிடம் வேறு வேலை ஓடவில்லை.

அதில் ஒரு பெண் மீனின் வாயைத் திறந்தால் மஞ்சள் மஞ்சளாகக் கடுகு. கடுகு இல்லை, முட்டை. ஜிலேபி முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நேரில் அன்றுதான் பார்த்தேன். 112 இருந்தது. எண்ணி முடித்த பிறகுதான் அந்த எண் எங்கேயோ கேட்ட எண் என்று தோன்றியது. வலையில் அடிபட்டுச் சாகும்வரை வாயை மூடியே வைத்திருந்திருக்கிறது. அந்த மீனை மட்டும் கல் எடுக்காமல் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். விஞ்ஞானத்துக்கு அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. இன்னொன்றின் குடலை நீட்டி டேப் வைத்தேன். 15 செ.மீ. மீனுக்குள் 98 செ.மீ. குடல், சுருட்டிச் சுருட்டித் திணித்தது.

கல் கைக்கு வந்தாலும் உள்ளே இருக்கும் கோடு தெரியாது, தேய்க்க வேண்டும். டெம்பர்டு கிளாஸில் யுவி கம் ஒரு சொட்டு விட்டு, கல்லைப் படுக்க வைத்து, யுவி டார்ச் அடித்தால் முப்பது விநாடியில் இறுகிவிடும். 1000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து எட்டுப் போடுகிற மாதிரி தேய்த்தேன். கல்லின் கனம் வெர்னியரில் 1.1 மி.மீ. அதில் பாதி தேய்ந்தால் நடு வரும். முதல் கல்லில் நடுவைத் தாண்டிப் போய்விட்டேன், நடு இல்லாத கல்லுக்கு வயது இல்லை. இரண்டாவதில் முன்ஜாக்கிரதையாக 2000 நம்பரில் மட்டும் தேய்த்தேன், நாற்பது நிமிடம் ஆகியும் பாதி போகவில்லை. மூன்றாவதில் 1000-ல் எட்டு நிமிடம், 2000-ல் பத்து நிமிடம், கடைசியில் பற்பசை தொட்டு ஒரு துணியில். இதுதான் சரியான கணக்கு. கோடு தெரிந்தது, ஆனால் பனிமூட்டத்துக்குள் தெரிகிற மாதிரி. மூன்று தரம் எண்ணினால் மூன்று பதில்.

நடுவில் ஒரு வேடிக்கை. வீட்டுக் குழம்பில் தலையை உறிஞ்சிக் கல்லைத் தனியே எடுத்து வைத்தேன், சுத்தம் செய்கிற வேலை மிச்சம் என்று. புளிக் குழம்பு. கல்லின் பளபளப்பு போய் ஓரம் அரித்திருந்தது. வினிகர் நினைவு வந்தது. புத்தி வராமல், சோதித்துப் பார்க்க ஒரு நல்ல கல்லை வினிகரில் போட்டேன். குமிழி குமிழியாக நுரைத்து, காலையில் டப்பாவில் அடையாளம் மட்டும் மிச்சம். எலும்பா கல்லா என்பதில் இனிமேல் சந்தேகமே வராது.

திருப்பம் சோம்பேறித்தனத்தால் வந்தது. கழுவிய கல் காய்வதற்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், தண்ணீரில் விழுந்த போர்டைக் காய வைக்கிற பழக்கத்தில் ஹாட் ஏர் கன்னை எடுத்தேன். முதல் கல் காற்றில் பறந்து எங்கோ போனது. தரையைப் பெருக்கிச் சலித்தும் கிடைக்கவில்லை. அடுத்ததை அலுமினியம் ஃபாயிலில் சின்னக் கிண்ணம் செய்து வைத்து, காற்றைக் குறைந்தபட்சத்தில் வைத்து, 300 டிகிரி. அது ஏற்கெனவே தேய்க்கும்போது குறுக்கே இரண்டாக உடைந்த கல். ஒன்றரை நிமிடத்தில் வெள்ளை மாறிப் பழுப்பு ஏறியது. கெடுத்துவிட்டோம் என்று நினைத்து, எதற்கும் பார்ப்போம் என்று உடைந்த முகத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், தோசைக்கல்லில் முறுகிய ஓரம் மாதிரி பழுப்புக் கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கின்றன. கல்லில் சுண்ணாம்போடு கொஞ்சம் புரதமும் உண்டு. புரதம் அதிகமான கோடு முதலில் கருகுகிறது, அவ்வளவுதான். பிறகு தேடிப் பார்த்தால் உடைத்துச் சுடுகிற இந்த முறையை மீன் ஆய்வுக்கூடங்களிலேயே வெகு காலமாகச் செய்கிறார்கள். நான் தேய்த்தே இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

சூடு கூடினால் இன்னும் தெளிவாகுமா என்று 450 வைத்தேன். பொரியாகப் பொரிந்து தூளானது. 300 டிகிரி, ஒன்றரை முதல் இரண்டு நிமிடம், டீத்தூள் நிறம் வருவதற்குள் நிறுத்த வேண்டும். உடைப்பதற்கு முன் நடுவில் பிளேடால் ஒரு கீறல் போட்டுக்கொண்டால் நடு வழியாகவே உடைகிறது. சுட்ட துண்டைக் கோதுமை மாவு உருண்டையில் செங்குத்தாகச் செருகி, உடைந்த முகத்தில் விளக்கெண்ணெய் ஒரு பொட்டு. வெளிச்சம் மேலே இருந்து நேராக விழாமல் பக்கவாட்டில். இந்தச் செட்டப்பில் மூன்று தரம் எண்ணினால் மூன்று தரமும் ஒரே பதில்.

ஏரி ஜிலேபிகளில் எண்ண முடிந்தது ஏழு மீன். நாலு, ஐந்து, ஐந்து, ஐந்து, ஆறு, ஆறு, ஏழு. ஏழு வயது ஜிலேபி என்று அக்காவிடம் சொல்லத் துடித்தேன், ஆனால் 140 நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். இதற்கும் ஒரு பிறந்த தேதி தெரிந்த மீன் வேண்டும். வீட்டுப் பின்னால் சிமென்ட் தொட்டியில் கொசுப் புழு தின்னட்டும் என்று 2023 மே மாதம் விரல் நீளக் குஞ்சுகள் நாலைந்து விட்டிருந்தேன். 2025 ஜூனில் ஒன்றைப் பிடித்தேன். 25 மாதம். கல்லில் நாலு கோடு. அடுத்ததைப் பிடித்தேன், அதுவும் நாலு. நம் ஊர் மாதிரி வெயில் நாட்டில் ஜிலேபிக்கு வருடத்துக்கு இரண்டு கோடு விழுவது பல இடங்களில் பார்த்ததுதான் என்று பிறகு படித்தேன். ஆக ஏழு கோடு என்பது மூன்று வருடத்துக்கு மேல், நாலுக்குள்.

அப்படி வைத்தாலும் 72 கிராம் ஜிலேபி, 4.2 கிலோ கட்லாவைவிட மூத்தது. நெரிசலான ஏரியில் ஜிலேபி வளர்வதை நிறுத்திவிட்டுக் குஞ்சு போடுவதிலேயே குறியாக இருக்கும். குட்டி மீன் என்று நினைத்து நாம் வறுப்பது பாதிக்கு மேல் கிழடு.

செலவு: மீன் எல்லாம் சேர்த்து 3,150 ரூபாய், பெரும்பாலானவை சட்டிக்குப் போய்விட்டதால் அதை வீட்டுச் செலவில் எழுதிவிட்டேன். யுவி கம் 180, உப்புத்தாள் ஆறு ஷீட் 90, பிளேடு 40. மைக்ரோஸ்கோப்பும் ஹாட் ஏர் கன்னும் கடையில் இருந்தவை. திரும்பி வராத கஸ்டமர் ஒருவர், அவர் கணக்கு தனி.

மறுபடி செய்தால் முதல் நாளே ஒவ்வொரு மீனுக்கும் நீளம், எடை, இடம், தேதி எழுதிய சின்னப் பாக்கெட் போட்டுவிடுவேன். முதல் ஐந்து மீனின் கல் எது யாருடையது என்று தெரியாமல் வீணாயிற்று. இரண்டு கல்லில் ஒன்றைத் தொடாமல் வைக்க வேண்டும், இரண்டையும் ஒரே ராத்திரியில் கெடுத்த அனுபவம் உண்டு. தொட்டியில் மிச்சமுள்ள ஜிலேபிகளில் ஒன்றை டிசம்பரிலும் ஒன்றை மார்ச்சிலும் பிடித்துப் பார்த்தால் அந்த இரண்டு கோடும் எந்த மாதத்தில் விழுகிறது என்று பிடிபட்டுவிடும். வாளையின் முதுகெலும்பிலும் வளையம் இருக்கிறதாம், ஆனால் அதற்கு வீட்டில் பேசி வைக்க வேண்டும்.

போன வாரம் டேமுக்குப் போய் அக்காவிடம் கட்லா கணக்கைச் சொன்னேன். மூன்று வருடம்கூட இல்லை என்றதும், "அப்ப இனிமே இளங்கட்லான்னு சொல்லி வித்துக்கறேன், கிலோவுக்குப் பத்து ரூபா சேத்து" என்றார். இத்தனை நாள் சும்மா கொடுத்த தலைக்கு இப்போது இருபது ரூபாய் கேட்கிறார். அதில் என்னவோ இருக்கப் போய்த்தானே நான் தேடி வருகிறேன் என்பது அவர் கட்சி.